சிகரெட்டை விட்டால் உடல் பருப்பது ஏன்?

"சிகரெட்டை விட்டால் உடம்பு வைத்துவிடும்" என்று சொல்லியே பலர் புகைத்தலைத் தொடர்கிறார்கள். ஏற்கனவே நிறை கூடியவர்களுக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம். அது வெறும் சாட்டுமல்ல. நிக்கோட்டின் பசியை அடக்குகிறது. அதை விட்ட முதல் வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ வரை நிறை கூடுகிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் கூடுவதில்லை.

காரணம் தேடிய ஆய்வாளர்கள், உணவு ஒருவரை எந்தளவு ஈர்க்கிறது என்று அளந்தார்கள். "பிடிக்குமா?" என்று கேட்பது போதாது. ஒன்று பிடிப்பது வேறு, அதற்காகப் பாடுபடுவது வேறு. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் லெனார்ட் எப்ஸ்டீன் கையாண்ட முறையில், கணினிப் பொத்தானைப் பல தடவை அழுத்தினால் சிறிதளவு தின்பண்டம் கிடைக்கும். அடுத்த பங்குக்கு இன்னும் கூடுதலாக அழுத்த வேண்டும். விரும்பினால் உணவுக்குப் பதிலாக வாசிக்கும் நேரத்தைச் சம்பாதிக்கலாம். உணவுக்காக ஒருவர் எதுவரை அழுத்துகிறார் என்பதே அளவு.

2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், குறிப்பிட்ட மரபணு வகையுள்ளவர்களுக்குப் புகைத்தலை நிறுத்தியதும் உணவின் ஈர்ப்பு கூடியது. ஆறு மாதத்தில் ஏறிய நிறையுடனும் அது தொடர்புபட்டிருந்தது.

ஆகவே, நிறை கூடியவரை "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று ஏசுவதில் நியாயமில்லை. அவர் புகைத்தலை விடும் முதல் மாதங்களில் பிஸ்கட்டும் மிக்சரும் வீட்டில் எட்டாத இடத்தில் இருக்கட்டும். சில கிலோ கூடினாலும், சிகரெட்டை விடுவதே உயிருக்கு இலாபம்.