மண் கரைந்தது, குழாய் வெளியே வந்தது!

1989-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 3-ந்தேதி.

அமெரிக்காவில் டெக்சாஸ், லூசியானா என்ற இரண்டு மாநிலங்களின் எல்லை கடலைத் தொடும் இடத்தில் சபைன் பாஸ் என்ற ஊர் இருக்கிறது. அதற்கு எதிரே மெக்சிகோ வளைகுடா. கரையில் இருந்து அரை மைல் தூரத்தில் "நார்தம்பர்லேண்ட்" என்ற மீன்பிடி கப்பல் வேலையில் இருந்தது. கப்பலில் 14 தொழிலாளர்கள்.

அவர்கள் பிடிக்க வந்தது மென்ஹேடன் என்ற மீன். நம் ஊர் மத்தி, சாளை மாதிரி கூட்டம் கூட்டமாக வரும் மீன் அது. கோழித்தீவனத்துக்கும் மீன் எண்ணெய்க்கும் அதை டன் கணக்கில் பிடிக்கிறார்கள். தமிழ்நாட்டு மீனவர்கள் சுருக்குமடி என்று சொல்லும் வலைதான் அங்கேயும். மீன் கூட்டம் கரை ஓரமாக வரும். கப்பலும் கரை ஓரமாகப் போகும். அன்று கப்பல் நின்ற இடத்தில் தண்ணீரின் ஆழம் 9 அடி முதல் 11 அடிதான். கப்பலின் அடிப்பாகம் சேற்றை உரசுவது அந்தத் தொழிலில் புதிதல்ல.

அன்று உரசியது சேறு அல்ல, இரும்பு!

16 அங்குல விட்டம் உள்ள கியாஸ் குழாய் அது. அதற்குள் இருந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 835 பவுண்டு. மோட்டார் கார் டயரில் அடிக்கும் காற்று சுமார் 30 பவுண்டுதான் என்றால், இது எப்படிப்பட்ட அழுத்தம் என்று ஊகித்துக்கொள்ளலாம். குழாய் உடைந்தது. கியாஸ் மேலே பீறிட்டது. கப்பலில் இருந்த ஏதோ ஒரு பொறி பட்டுத் தீப்பிடித்தது. சில நொடிகளில் கப்பல் முழுவதும் தீக்குள் இருந்தது.

14 பேரில் 11 பேர் இறந்தார்கள். 3 பேர் மட்டுமே பிழைத்தார்கள். மறுநாள் வரை கியாஸ் வெளியேறிக்கொண்டே இருந்தது.

10 அடி மண் எங்கே?

நடுக்கடலில் ஒரு கியாஸ் குழாயை யாராவது மூடாமல் போட்டு வைப்பார்களா? போடவில்லை. 1970-களில் அந்தக் குழாயைப் பதித்தபோது, அதன் மேல் 8 அடி முதல் 10 அடி வரை மண் இருந்தது என்பது குழாய்க் கம்பெனியின் கணக்கு. இரண்டு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

விபத்துக்குப் பிறகு பார்த்தபோது, அந்தக் குழாயின் மேல் ஒரு பிடி மண் கூட இல்லை. கடல் தரையின் மேல் வெறுமனே கிடந்தது.

குழாயை யாரும் தோண்டி எடுக்கவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. கரையும் கடல் தரையும்தான் கரைந்து போயின.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. 1987-ம் ஆண்டு ஜூலை 24-ந்தேதி லூசியானா கடல் ஓரத்தில் "சீ சீப்" என்ற இன்னொரு மென்ஹேடன் கப்பல், 8 அங்குலக் குழாய் ஒன்றில் மோதியது. இரண்டு பேர் இறந்தார்கள். அந்தக் குழாய் 1968-ல் 3 அடி மண்ணுக்கு அடியில் போடப்பட்டது. விபத்துக்குப் பிறகு மூழ்கிப் பார்த்தபோது அதன் மேல் மிச்சம் இருந்தது 6 அங்குலக் குழைசேறு.

இரண்டு பேர் செத்தபோது யாரும் மற்ற குழாய்களைப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. குழாயைப் பதிக்கும்போது இத்தனை அடி ஆழத்தில் பதிக்க வேண்டும் என்று விதி இருந்தது. பதித்த பிறகு அதே ஆழத்தில் இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும் என்ற விதி இல்லை. 11 பேர் சாகும் வரை இதுதான் நிலைமை.

கரை ஏன் கரைகிறது?

லூசியானாவின் கடற்கரை, மிசிசிப்பி ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் உண்டானது. காவிரிக் கரைக்காரர்களுக்கு வண்டல் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த மண் தன் பாரத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். ஆண்டுதோறும் வெள்ளம் வந்து புது வண்டல் போட்டால் சரியாகிவிடும்.

1927-ல் மிசிசிப்பியில் பெரும் வெள்ளம் வந்தது. அதன் பிறகு ஆற்றின் இரு பக்கமும் பெரிய கரைகளை எழுப்பினார்கள். ஊர்கள் தப்பின. ஆனால் சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டிய வண்டல் போகவில்லை. மேலே கட்டிய அணைகளிலும் வண்டல் நின்றுவிட்டது.

அடுத்து வந்தது எண்ணெய். எண்ணெய்க் கிணறு தோண்டவும் குழாய் போடவும் சதுப்பு நிலத்தின் நடுவே நேர்கோடாக வாய்க்கால்கள் வெட்டினார்கள். அவற்றின் மொத்த நீளம் சுமார் 10 ஆயிரம் மைல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த வாய்க்கால்கள் வழியாகக் கடல் உப்பு உள்ளே ஏறியது. உப்பு ஏறியதும் புல் செத்தது. மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் புல்லின் வேர்தான். வேர் போனதும் கரை சரிந்தது. படகுகளின் அலை அடித்து அடித்து, வாய்க்கால் ஆண்டுக்கு ஆண்டு அகலமானது.

1932 முதல் 2016 வரை லூசியானா இழந்த நிலம் 4 ஆயிரத்து 833 சதுர கிலோ மீட்டர் என்று அமெரிக்க நில ஆய்வுத் துறை கணக்கிட்டிருக்கிறது. கிர்காம், செம்பூர், போரிவிலி எல்லாம் சேர்ந்த மும்பை மாநகரத்தைப் போல 8 மடங்கு!

நிலம் இருந்தபோது நிலத்துக்கு அடியில் போட்ட குழாய், இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. புல் மேடாக இருந்த இடத்தில் படகு போகிறது. புயல் வந்தால் இன்னும் மோசம். 2005-ல் கத்ரீனா, ரீட்டா என்ற இரண்டு புயல்கள் மெக்சிகோ வளைகுடாவில் 457 குழாய்களைச் சேதப்படுத்தின.

இதில் மீனவன் செய்த தவறு என்ன? அவன் கண்ணுக்குத் தண்ணீர்தான் தெரிகிறது. குழாயில் போகும் கியாசுக்கு அவனை எச்சரிக்கும் வாசனை கூட இருப்பதில்லை. நம் வீட்டு சமையல் கியாசில் வரும் நாற்றம் கூட, கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகப் பிறகு சேர்க்கப்படுவதுதான்.

24 மணி, 7 நாள், 6 மாதம்

11 பேரின் சாவுக்குப் பிறகு அமெரிக்கப் பாராளுமன்றம் விழித்துக்கொண்டது. 1990-ம் ஆண்டு நவம்பரில் புதிய சட்டம் வந்தது. மெக்சிகோ வளைகுடாவிலும் அதன் கழிமுகங்களிலும் 15 அடிக்குக் குறைவான ஆழத்தில் உள்ள குழாய்களை எல்லாம் கம்பெனிகள் போய்ப் பார்க்க வேண்டும் என்று அது சொன்னது.

அதன்படி வந்த விதிகள் எளிமையானவை. யாருக்கும் புரியும்.

குழாய் வெளியே தெரிந்தால், அல்லது அதன் மேல் 12 அங்குலத்துக்குக் குறைவாக மண் இருந்து படகுக்கு ஆபத்து என்றால், 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்தின் அவசரத் தகவல் மையத்துக்குச் சொல்ல வேண்டும்.

7 நாட்களுக்குள் அந்த இடத்தில் அடையாளம் நட வேண்டும். இரண்டு முனையிலும் நட வேண்டும். நடுவில் 500 கெஜத்துக்கு ஒன்று வீதம் நட வேண்டும்.

6 மாதங்களுக்குள் குழாயை மறுபடி புதைக்க வேண்டும். அதன் தலைக்கு மேல் 36 அங்குல மண் இருக்க வேண்டும். பாறையாக இருந்தால் 18 அங்குலம். அந்த 6 மாதக் கெடு நவம்பர் 1-ஐத் தாண்டிப் போனால் மட்டும் அடுத்த ஆண்டு நவம்பர் 1 வரை தவணை.

ஒரு முறை புதைத்தால் என்றைக்கும் புதைந்தே இருக்கும் என்ற நம்பிக்கையைச் சட்டம் கைவிட்டது. அதுதான் இதில் முக்கியமான மாற்றம்.

சட்டம் வந்தும் விபத்து

சட்டம் வந்ததோடு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை.

1996 அக்டோபரில், மிசிசிப்பி முகத்துவாரத்தில் டைகர் பாஸ் என்ற கால்வாயை ஒரு தூர்வாரும் கப்பல் ஆழப்படுத்திக்கொண்டிருந்தது. கப்பல் நகராமல் இருக்க ஒரு பெரிய இரும்புத் தூணைத் தரையில் இறக்கினார்கள். தூண் இறங்கியது ஒரு 12 அங்குல கியாஸ் குழாயின் மேல்! கப்பல் எரிந்து போனது. நல்லவேளையாக அதில் இருந்த 28 பேரும் தப்பினார்கள்.

2013 மார்ச்சில், நியூ ஆர்லியன்ஸ் நகருக்குத் தெற்கே சதுப்பு நிலக் கால்வாய் ஒன்றில், எண்ணெய்ப் படகைத் தள்ளிக்கொண்டு போன இழுவைக் கப்பல் ஒரு கியாஸ் குழாயில் மோதியது. கப்பலின் கேப்டன் உடலின் பெரும் பகுதியில் தீக்காயம் அடைந்தார்.

2020 ஆகஸ்டு 21-ந்தேதி டெக்சாசில் கார்பஸ் கிறிஸ்டி துறைமுகக் கால்வாயில் தூர்வாரும் கப்பல் ஒன்று புரொப்பேன் குழாயை வெட்டிவிட்டது. 5 பேர் இறந்தார்கள். இங்கே குழாய் இருப்பது தெரியாத விஷயம் அல்ல. அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை வேலைத் திட்டம் போட்டவர்கள் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை.

இந்த விபத்துகள் எல்லாவற்றிலும் ஓர் ஒற்றுமை. குழாய் பற்றிய தகவல் எங்கோ ஓர் அலுவலகத்தில் வரைபடமாக இருந்தது. தண்ணீரில் வேலை செய்தவனின் கையில் அது சரியாகப் போய்ச் சேரவில்லை. வரைபடத்தில் கோடு நகராது. கடலில் மண் நகரும்.

இன்னொரு தலைவலியும் இருக்கிறது. வேலை முடிந்த பழைய குழாய்கள்! மெக்சிகோ வளைகுடாவில் 1960-களில் இருந்து கைவிடப்பட்ட குழாய்களில் 100-க்கு 97 பங்கு, சுமார் 18 ஆயிரம் மைல் நீளம், எடுக்கப்படாமல் அப்படியே விடப்பட்டிருப்பதாக 2021-ல் அமெரிக்கத் தணிக்கைத் துறை சொன்னது. புயலில் இவை இடம் மாறினால் யார் தேடுவது, யார் செலவு செய்வது என்ற கேள்வியையும் அது எழுப்பியது.

நம் பக்கத்தில்...

இது ஏதோ அமெரிக்காக்காரன் கதை என்று தள்ளிவிட முடியாது.

மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோ மீட்டர் தூரத்தில் 1974-ல் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். பாம்பே ஹை என்று நாம் அறிந்த இடம் அதுதான். 1970-களின் பிற்பகுதியிலேயே அங்கிருந்து கடலுக்கு அடியில் குழாய் போட்டு உரான் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உரானில் இருந்து டிராம்பேக்கும் குழாய் இருக்கிறது. செம்பூரில் இருந்து மாகுல் பக்கம் பஸ்சில் போகிறவர்கள் பார்க்கும் அந்தப் பெரிய எண்ணெய்த் தொட்டிகளுக்கு இந்தக் கடலோடு இப்படி ஓர் உறவு. 2011 ஜனவரியில் கடலில் உரான் குழாயில் கசிவு ஏற்பட்டு எண்ணெய் மிதந்தது.

தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் நாகூர் பட்டினச்சேரி கடற்கரையில், மண்ணுக்கு அடியில் போகும் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தது. முதலில் பார்த்தவர்கள் மீனவர்கள். அங்கே கப்பல் மோதவில்லை, தீயும் பிடிக்கவில்லை. ஆனாலும் கடலுக்குப் போக முடியாமல் போராட்டத்தில் இறங்கினார்கள். குழாயையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். கடைசியில் குழாய் அகற்றப்பட்டது.

அமெரிக்காவில் இரண்டு கப்பல்கள் எரிந்த பிறகு செய்ததை, நம் கடற்கரையில் ஒரு படகும் எரிவதற்கு முன்பே செய்துவிடலாம். புயல் அடித்த பிறகும், கடல் அரிப்பு ஏற்பட்ட பிறகும், ஆற்று முகத்துவாரம் இடம் மாறிய பிறகும், குழாய் மேல் மண் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். பார்த்ததை மீனவர் குப்பத்தில் அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும். அடையாளம் நட வேண்டும். பெரிய விஞ்ஞானம் எதுவும் தேவை இல்லை.

ஊரில் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் படகில் போகிறவர்கள் இருந்தால், இந்த விஷயங்களைக் கடிதத்திலோ போனிலோ சொல்லி வைக்கலாம். குழாய் அடையாளம் நட்ட இடத்தில் நங்கூரம் போடக் கூடாது. இழுவலை இழுக்கக் கூடாது. தண்ணீரில் ஒரே இடத்தில் ஓயாமல் குமிழி வந்தாலோ, எண்ணெய் படலம் மிதந்தாலோ, கிட்டே போய் வேடிக்கை பார்க்கக் கூடாது. பீடி, அடுப்பு எல்லாவற்றையும் உடனே அணைக்க வேண்டும். காற்று வரும் பக்கமாக விலகிப் போய், கடலோரக் காவல் படைக்கு 1554 என்ற எண்ணில் சொல்ல வேண்டும். வலை எதிலாவது மாட்டிக்கொண்டால் என்ஜினை முறுக்கி இழுப்பதை விட வலையை அறுத்துவிட்டு வருவது மேல். வலை போனால் கடன் வாங்கி இன்னொன்று வாங்கலாம்.

நார்தம்பர்லேண்ட் கப்பலில் இருந்த 14 பேருக்கும் தங்கள் காலடியில் குழாய் இருப்பதைச் சொல்ல அன்று ஒரு கம்பு கூட நடப்படவில்லை. இன்று அந்தக் கடற்கரையில் 500 கெஜத்துக்கு ஒன்றாக அடையாளம் நட வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்துக்கு 11 குடும்பங்கள் விலை கொடுத்திருக்கின்றன.