கேஸ் போகும் வழி
பழைய காரின் ஏ.சி.யைச் சொந்தக் கையால் சரிசெய்யலாம். கை நிறுத்த வேண்டிய இடம் ஒன்று உண்டு.

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்களுக்குக் கல்லாறுதான் அடிவாரம். உருண்டைக் கற்கள் நிறைந்த ஆற்றை விட்டு விலகியதும் மலை தொடங்கிவிடுகிறது. மொத்தம் 22 கொண்டை ஊசி வளைவுகள். அம்பாசடரிலோ பிரீமியர் பத்மினியிலோ ஏ.சி. போட்டுக்கொண்டு வந்தவர் அதை அணைக்க வேண்டிய இடமும் இதுதான். அம்பாசடரின் 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்குச் சுமார் 50 குதிரைத்திறன். பத்மினிக்கு அதைவிடக் குறைவு. அதில் மூன்று நான்கைக் கம்ப்ரஸர் பிடுங்கிக்கொண்டால் வளைவில் வண்டி முனகும். போதாததற்கு, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கன்டென்ஸர் சூடான காற்றையே ரேடியேட்டருக்குத் தள்ளும். வெப்பமானி முள் சிவப்பை நோக்கி நகரும்.

மலைக் காற்று இருக்கும்போது ஏ.சி. எதற்கு என்று கேட்கலாம். தென்மேற்குப் பருவமழையில் இந்தச் சாலையில் போனால் பதில் கிடைக்கும். மூச்சுக்காற்றின் ஈரம் முன்கண்ணாடியில் படிந்து சாலையே மறைந்துபோகும். துணியால் துடைத்துக்கொண்டே வளைவில் ஸ்டியரிங் பிடிப்பது ஆபத்து. குளிர்ந்த காயிலில் பட்டு ஈரத்தை இழந்து வரும் காற்று கண்ணாடியைத் தெளிவாக்கிவிடும். பழைய காரில் ஏ.சி. வெறும் சொகுசு அல்ல.

சொகுசாகத்தான் பிறந்தது, உண்மை. 1940ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் ஏ.சி. பொருத்திய காரை விற்றது. அதன் கம்ப்ரஸருக்குக் கிளட்ச் கிடையாது. குளிர் போதும் என்றால் எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! இந்தியாவில் அம்பாசடருக்கும் பத்மினிக்கும் பெரும்பாலும் பிற்பாடு வாங்கி மாட்டிய ஏ.சி.தான். டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் பெட்டிக்குள் கூலிங் காயில், எஞ்சின் பக்கத்தில் பிராக்கெட் அடித்துக் கம்ப்ரஸர், நடுவில் ரப்பர் ஹோஸ்கள். அழகு குறைவுதான். ஆனால் எல்லாமே ஸ்பேனருக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் கிடையாது. சொந்தமாகப் பழுது பார்க்க நினைப்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை.

ஏ.சி. குளிரவில்லை என்றதும் 'கேஸ் தீர்ந்துவிட்டது' என்று முடிவு கட்டுவது நம் ஊர் வழக்கம். முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். சுவிட்சைப் போட்டால் கம்ப்ரஸரின் முன்பக்கத்தில் 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, எர்த் ஒயர் ஆகியவற்றைச் சோதிக்கலாம். கிளட்ச் காயிலுக்கு 12 வோல்ட் வந்தும் சத்தமில்லை என்றால் காயில் போயிருக்கும், அல்லது தேய்மானத்தால் இடைவெளி அதிகமாகியிருக்கும். அழுத்தம் குறைந்தால் மின்சாரத்தை நிறுத்திவிடும் சுவிட்ச் சில வண்டிகளில் இருக்கிறது, அதையும் மறக்கக்கூடாது. தளர்ந்த பெல்ட், கன்டென்ஸரில் அடைத்த பூச்சியும் சேறும் போன்றவை காசில்லாமல் தீரும் நோய்கள்.

அதற்குப் பிறகுதான் கேஸ். எஞ்சின் ஆறி நிற்கும் வண்டியில், 30 டிகிரி வெயிலில், மீட்டர் 90 பி.எஸ்.ஐ.யை ஒட்டிக் காட்டினால் உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கிறது என்று பொருள். எவ்வளவு என்பதை இது சொல்லாது. சைபர் காட்டினால் எல்லாம் போயாயிற்று, தாராளமாகப் பிரிக்கலாம். இடைப்பட்ட எந்த அளவு இருந்தாலும் நட்டைத் தொடக்கூடாது. மைனஸ் 30 டிகிரியில் கொதிக்கும் பொருள் அது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மீட்பு எந்திரம் வைத்திருக்கும் கடையில் அதை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

கேஸ் தானாகத் தீராது. எங்கோ கசிகிறது. கூடவே எண்ணெயும் கசிவதால், தூசி அப்பிய ஈரக் கறை தெரியும் இணைப்புதான் முதல் குற்றவாளி. காலியான அமைப்பில் ரெகுலேட்டர் மூலம் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்க்கலாம். நைட்ரஜனுக்குப் பதிலாக வெல்டிங் கடை ஆக்ஸிஜனை ஏற்றுவது தற்கொலைக்குச் சமம். எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். அதிகம் ஓடாத பழைய கார்களில் பெரும்பாலும் கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல்தான் உலர்ந்து கசியும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓட்டினால் எண்ணெய் பரவி சீல் நனைந்திருக்கும். ஏ.சி.யை மிச்சம் பிடிப்பவர்கள்தான் அதைக் கெடுக்கிறார்கள்.

கல்லாறு போன்ற மழைக்காட்டு ஓரத்தில் இன்னொரு எதிரி, ஈரம். பிரித்த குழாயின் வாயை உடனே அடைக்க வேண்டும். திறந்த அமைப்பில் டிரையரை மாற்றாமல் விடக்கூடாது. உள்ளே தங்கும் நீர் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாகி அடைக்கும். சற்று நேரம் குளிரும், பிறகு நின்றுவிடும், ஓய்வு கொடுத்தால் மறுபடி குளிரும். இந்த விளையாட்டைப் பார்த்து வால்வை மாற்றிப் பணத்தை வீணாக்கியவர்கள் உண்டு. வாக்குவம் பம்ப்பை முக்கால் மணி நேரமாவது ஓட்டினால் நீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து வெளியேறும். பம்ப்பை நிறுத்திய பிறகும் முள் அசையாமல் நின்றால் கசிவு இல்லை.

இனி எதை நிரப்புவது? சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. இந்தக் கார்கள் ஆர்-12 வாயுவுக்காகச் செய்யப்பட்டவை. நெருப்பும் பிடிக்காது, நஞ்சும் இல்லை என்று கொண்டாடப்பட்ட பொருள் அது. 1974இல் மோலினாவும் ரோலண்டும் இத்தகைய வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்றார்கள். 1985இல் அண்டார்க்டிகாவின் மேலே ஓட்டை தெரியவந்தது. 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம். 1992இல் இந்தியாவும் சேர்ந்தது. ஆர்-12ஐத் தயாரித்த நான்கு இந்திய நிறுவனங்களில் ஒன்று நம் மேட்டூரில் இருந்தது. 2008 ஆகஸ்டில், கெடுவுக்கு ஒன்றரை ஆண்டு முன்பே, மருந்துத் தேவை தவிர்த்த தயாரிப்பை இந்தியா நிறுத்திக்கொண்டது. ஒரு கிலோ ஆர்-12 காற்றில் கலந்தால், ஓசோன் சேதம் ஒருபுறம் இருக்க, சுமார் பத்து டன் கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஒரு காருக்குள் இருப்பது ஏறக்குறைய அந்த ஒரு கிலோதான்.

பழைய வாயு கிடைக்காததால் வந்த குறுக்குவழி, சமையல் கேஸ். நன்றாகவே குளிரும், அதுதான் தொல்லை. கூலிங் காயில் இருப்பது பயணிகளின் முழங்காலுக்கு எதிரே. கசிந்தால் மூடிய காருக்குள் எரிவாயு. ஒரு பொறி போதும். ஆர்-12க்கு மாற்றாகக் காரில் இத்தகைய எரிவாயுக்களை அமெரிக்கா ஏற்கவில்லை. மலிவு என்பதற்காக இதை நிரப்பித்தரும் மெக்கானிக்கிடம் வண்டியைத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது.

முறையான வழி ஆர்-134ஏ. ஆனால் சும்மா மாற்றி நிரப்ப முடியாது. பழைய மினரல் எண்ணெய் இதோடு கலக்காது. கம்ப்ரஸருக்குத் திரும்பாமல் குழாய்களிலேயே தங்கிவிடும். கழுவி எடுத்துவிட்டு எஸ்டர் எண்ணெய் ஊற்ற வேண்டும். மூலக்கூறு சிறியது என்பதால் பழைய ரப்பர் வழியே ஊடுருவும். உள்பூச்சுள்ள புதிய ஹோஸ், பச்சை நிற ஓ-ரிங், புதிய டிரையர் தேவை. வெயிலில் அழுத்தம் கூடுதலாக ஏறும். பழைய கன்டென்ஸர் திணறினால் பெரிதாக ஒன்றும் கூடவே ஒரு மின்விசிறியும் போட வேண்டியிருக்கும். இத்தனையும் வீட்டு முற்றத்தில் முடியக்கூடிய வேலைதான். கேஸ் ஏற்றுவது மட்டும் தராசு வைத்திருக்கும் கடைக்காரர் வேலை. பழைய அளவில் 80 முதல் 90 சதவீத எடையே போதும். அதிகம் ஏற்றினால் குளிர் கூடாது, குறையும்.

ஆர்-134ஏவும் நிரந்தரமல்ல. ஓசோனைத் தொடாவிட்டாலும், கிலோவுக்கு ஒன்றரை டன்னை ஒட்டிய கரியமில வாயுவின் வேலையை அது செய்கிறது. 2016இன் கிகாலி திருத்தத்தை 2021இல் ஏற்ற இந்தியா, 2032 முதல் இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆகவே இன்று செய்யும் மாற்றமும் சில பத்தாண்டுகளுக்கே. கோடைதோறும் கசிவைத் தேடாமல் 'டாப்-அப்' செய்பவரின் வண்டி, ஆண்டுக்கு ஒருமுறை வானத்துக்குக் கேஸ் நிரப்பிக்கொண்டிருக்கிறது.

வேலை முடிந்ததும் எந்த வாயு, எந்த எண்ணெய், எத்தனை கிராம், எந்தத் தேதி என்று எழுதி பானெட்டுக்கு அடியில் ஒட்டிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மெக்கானிக் இதன் மேலேயே வேறொன்றை ஏற்றிவிடுவார்.