வரப்புகள் எழுதிய வரலாறு

தொன்மைச் சின்னம் என்றவுடன் கோபுரமும் கோட்டையும் கற்றூணுமே நம் நினைவில் எழுகின்றன. ஆயினும் இந்நாட்டின் மிகப் பழைய சின்னங்களுள் சில, தரையைவிட்டு ஒரு முழம்கூட உயராதவை. உழுத சால், ஏரியின் கரை, தூர்ந்த வாய்க்கால், புல் மூடிய மேடு என அவை நம் வயல்வெளிகளுக்கிடையே பெயரின்றிக் கிடக்கின்றன. அவற்றுள் மூன்றை இவ்விதழில் வாசகர்களுடன் காண விழைகிறோம்.

உழவன் விட்டுச் சென்ற சால்கள்

ராஜஸ்தானத்தின் வடபகுதியில், ஹனுமான்கர் மாவட்டத்தில், வறண்டுபோன கக்கர் ஆற்றின் கரையில் அமைந்தது காளிபங்கன். 1960-ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ ஒன்பது பருவங்கள் இந்தியத் தொல்லியல் துறை அங்கு அகழாய்வு நடத்தியது. பி. பி. லால், பி. கே. தாப்பர் ஆகியோர் அப்பணிக்குத் தலைமை தாங்கினர். ஊர் மதிலுக்கு வெளியே, தென்கிழக்கில், மண்ணடியில் ஓர் உழுத வயல் அப்படியே வெளிப்பட்டது. கி.மு. 2800 அளவிலானது எனக் கணிக்கப்படும் அவ்வயல், அகழாய்வில் கிடைத்த உலகின் மிகப் பழைய உழுநிலங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

அதில் இருவகைச் சால்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சென்றன. கிழக்கு மேற்காக ஓடியவை ஏறத்தாழ 30 செ.மீ. இடைவெளியிலும், வடக்கு தெற்காக ஓடியவை ஏறத்தாழ 190 செ.மீ. இடைவெளியிலும் அமைந்திருந்தன. ஆய்வாளரை வியப்பில் ஆழ்த்தியது வேறொரு செய்தி. அகழாய்வு நடந்த நாளிலும் அவ்வட்டார உழவர் இதே முறையில் நெருங்கிய சாலில் கொள்ளும் அகன்ற சாலில் கடுகும் விதைத்து வந்தனர். குளிர்காலத்தில் கதிரவன் தெற்கே சாய்வதால், உயர்ந்து வளரும் கடுகின் நண்பகல் நிழல் பெரும்பாலும் கடுகு வரிசையின் மீதே விழும். இடையில் நிற்கும் கொள்ளுக்கு வெயில் குறையாது. நகரம் அழிந்தது, ஆறும் வற்றியது. உழவனின் அறிவு மட்டும் கைமாறி வந்திருக்கிறது.

துவராடையில் ஒரு வயல்

அடுத்து, தென் பீகார். சோட்டா நாகபுரி மேட்டுநிலத்திலிருந்து கங்கையை நோக்கிச் சரியும் இப்பகுதியில் மழைநீர் விரைந்தோடி விடும். மழை நின்றால் ஆறுகளும் வற்றிவிடும். அதற்கு முன்னோர் கண்ட வழியே ‘ஆஹர்–பைன்’. நிலத்தின் சரிவையே ஒரு பக்கமாகக் கொண்டு, மற்ற மூன்று பக்கமும் மண்கரை எழுப்பி அமைக்கும் நீர்த்தேக்கம் ஆஹர். ஆற்று நீரைத் திருப்பிக் கொணரும் வாய்க்கால் பைன். தேங்கிய நீர் நெல்லுக்குப் பாயும். நீர் வடிந்தபின் ஈரம் காக்கும் அதே தரையில் குளிர்காலப் பயிர் விளையும்.

இம்மகத நாட்டு வயல்கள் ஆடையிலும் பதிந்துள்ளன. வரப்புகளால் கட்டம் கட்டமாகப் பகுக்கப்பட்டிருந்த மகத வயல்வெளியைப் புத்தர் ஆனந்தருக்குக் காட்டி, துறவியரின் சீவரத்தையும் அவ்வாறே அமைக்கலாகுமா என வினவியதாக விநய பிடகம் கூறுகிறது. துண்டுகளை இணைத்துத் தைக்கும் சீவரத்தில் அவ்வயலின் வடிவம் இன்றும் தொடர்கிறது.

ஆஹர்களைத் தூர்வாரிக் கரை கட்டும் கூட்டு உழைப்புக்கு அங்கு ‘கோவாம்’ என்று பெயர். நம் குடிமராமத்தை ஒத்தது. ஜமீன் முறை நீங்கியபின் அவ்வேற்பாடும் தளர்ந்தது. கரைகள் கரைந்தன, வாய்க்கால்கள் தூர்ந்தன. 2019-இல் பீகார் அரசு தொடங்கிய ‘ஜல் ஜீவன் ஹரியாலி’ திட்டத்தில் இவற்றைச் சீரமைக்கும் பணியும் இடம்பெற்றுள்ளது.

உடைந்தும் எழுந்த கரை

மூன்றாவது சான்று, குஜராத்தின் ஜுனாகத்தை அடுத்த கிர்நார் மலையடிவாரத்தில் இருந்த சுதர்சன ஏரி. சந்திரகுப்த மௌரியரின் ஆளுநர் புஷ்யகுப்தர் அதனைக் கட்டுவித்தார். அசோகர் காலத்தில் துஷாஸ்பர் கால்வாய்கள் அமைத்தார். கி.பி. 150 அளவில் பெரும் புயல்மழையில் கரை உடைந்தது. 420 முழ நீளமும் அதே அகலமும் 75 முழ ஆழமும் கொண்ட உடைப்பு அது என்று ருத்ரதாமனின் கல்வெட்டு குறிக்கிறது. சீரமைக்க இயலாதென்று அமைச்சர்களே கைவிட, மக்கள் அழுது அரற்றினர். அந்நிலையில் மன்னர், வரியோ கட்டாய உழைப்போ சுமத்தாது, தம் கருவூலப் பொருளைக் கொண்டே கரையை முன்னினும் வலிதாக எழுப்பினார். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் ஸ்கந்தகுப்தர் காலத்தில் அது மீண்டும் உடைந்தது, மீண்டும் கட்டப்பட்டது. அசோகரின் ஆணைகள் பொறித்த அதே பாறையில் இவ்விரு செப்பனிடல்களும் பதிவாகியுள்ளன.

எந்த மண்கரையும் ஒருமுறை முதலிட்டதோடு நிலைப்பதில்லை. ஆண்டுதோறும் செப்பனிட ஆளும் பொருளும் ஒதுக்கிய வரையில்தான் இவை வாழ்ந்தன. சேமிப்பின் இலக்கணமும் இதுவே அன்றோ?

நாம் செய்யத்தக்கவை

இன்று இச்சின்னங்களுக்கு நேரும் இடர் வெள்ளத்தினும் விரைவானது. பல தலைமுறைகள் காத்த கரையை மண்வாரி இயந்திரம் ஒரு பிற்பகலில் சமன் செய்துவிடும். கல்லும் சிற்பமும் இல்லாமையால் அதனைச் சின்னமென்று எவரும் ஐயுறுவதுமில்லை.

ஆகவே நிலம் வாங்குவோரும், நிலமேம்பாட்டுக் கடன் பெறுவோரும் சிலவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம். பத்திரத்தோடு கிராம வரைபடத்தையும் பாருங்கள். பழைய ஏரி, வாய்க்கால், புறம்போக்கு ஆகியன அதில் குறிக்கப்பட்டிருக்கும். மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக்கட்டுமானத்துக்குத் தடை உண்டு. அதற்கப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். உழும்போதோ தோண்டும்போதோ புதையல் கிடைத்தால், அதன் மதிப்பு பத்து ரூபாயை மிஞ்சினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வழியே அறிவிக்க வேண்டுமென 1878-ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கிறது. பானையோடுகள் மிகுதியாகத் தென்படும் மேட்டைச் சமன் செய்யுமுன் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதும் நற்செயலாகும்.

பழைய வாய்க்காலை மூடி எழுப்பிய வீட்டினுள் அடுத்த பெருமழையில் நீர் புகும்போது, அத்தடத்தை வெட்டியவர்களின் கணக்கு சரியென்பது புலப்படும். அதற்கு முன்னரே அவ்வரைபடத்தை விரித்துப் பார்த்துவிடுதல் நன்று.