குண்டு பட்ட மானைத் தொடர இளநாயைப் பழக்கும் முறை

ஜெர்மனி தேசத்தில் வேட்டையுரிமை நிலத்தைச் சார்ந்தது. ஒரே தொகுதியாக 75 ஹெக்டேர், அதாவது சுமார் 185 ஏக்கர் நிலமுடையவர் அதைத் தமக்குரிய தனி வேட்டை வட்டமாக வைத்துக்கொள்ளலாம். அதற்குக் குறைந்த நிலமுடைய குடியானவர்கள் சங்கமாகக் கூடி, அவ்வுரிமையைப் பெரும்பாலும் குத்தகைக்கு விடுகின்றனர். மானும் காட்டுப்பன்றியும் பயிரை அழித்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பும் அச்சங்கத்தையே சாரும். குத்தகைதாரர் அதனை ஏற்றுக்கொள்வது வழக்கம். இவ்வுரிமையோடு ஒரு கடமையும் பிணைந்துள்ளது. குண்டு பட்டு ஓடிய பிராணியை வேதனையில் கிடக்க விடாமல் தேடிப் பிடித்தல் வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். தேடாது விட்டால் பிராணி பல நாள் துன்புற்றுச் சாவதோடு, இறைச்சியும் ஒருவருக்கும் பயனின்றி அழுகிப்போகும். நம் நாட்டிலோ 1972-ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றமாகும். ஆகவே இங்கே விவரிக்கப்படுவது அத்தேசத்து வழக்கமே என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் மனத்திற் கொள்வார்களாக.

இவ்வேலைக்கு ஹனோவர் மோப்ப நாய், பவேரிய மலை மோப்ப நாய், குட்டைக் கால்களையுடைய டாக்ஸ்ஹூண்ட் ஆகியவை பெயர் பெற்றவை. ஹனோவர் நாயை வளர்ப்போர் 1894-இலேயே சங்கம் கண்டனர். எனினும் ஜாதியை விடப் பழக்கமே முக்கியம்.

நாய் இரத்தத்தைத் தொடர்கிறது என்பது பொதுவான எண்ணம். இது பாதி உண்மையே. வயிற்றில் குண்டு பட்ட மான் சொட்டு இரத்தமும் சிந்தாமல் வெகுதூரம் போவதுண்டு. ஆனால் மானின் குளம்புப் பிளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அது ஒவ்வோர் அடியிலும் வாசனையை மண்ணிற் பதிக்கும். மிதிபட்ட புல்லின் மணமும் இதனுடன் சேரும். தேர்ந்த நாய் இவற்றைக் கொண்டு, காயமுற்ற அந்த ஒரு மானின் தடத்தைக் குறுக்கே ஓடும் மற்ற மான்களின் தடங்களினின்றும் பிரித்தறிகின்றது. ஆகையால் இரத்தத்தை மட்டும் தெளித்துப் பழக்கிய நாய், இரத்தம் நின்ற இடத்தில் தானும் நின்றுவிடும்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆகும்போதே தொடங்கலாம். மானின் ஈரலையோ தோல் துண்டையோ கயிற்றிற் கட்டி இருபது முப்பது அடி இழுத்துச் சென்று, முடிவில் ஒரு தோலை வைத்துவிட வேண்டும். குட்டி அதைக் கண்டடைந்ததும் தட்டிக் கொடுத்துச் சிறிது தின்னக் கொடுக்க வேண்டும். பின்னர் தூரத்தை வளர்த்து, ஒரு வளைவு, இரண்டு வளைவு என்று சேர்த்து, தடமிட்ட பிறகு ஒரு மணி, நான்கு மணி, ஓர் இரவு என்று காத்திருக்க வேண்டும். இரத்தத்தைக் குச்சியில் கட்டிய கடற்பஞ்சினால் ஒற்றி வைப்பர். தடமிடுபவர் அடியில் மான் குளம்புகள் பொருத்திய மிதியடி அணிந்து நடப்பதுமுண்டு. மேற்கூறிய காரணத்தால் இது மிக நல்ல முறை.

அகன்ற கழுத்துப்பட்டையும் சுமார் முப்பதடி நீளமுள்ள தோல்வாரும் இவ்வேலைக்கென்றே வைத்திருத்தல் அவசியம். அப்பட்டையைக் கட்டியவுடன் இது விளையாட்டன்று என்பதை நாய் அறிந்துகொள்ளும்.

பெரும்பாலோர் தவறுவது வளைவில்தான். தடம் திரும்பிய இடத்தை இளநாய் கடந்து சென்று, தலையைத் தூக்கி விழிக்கும். அச்சமயம் எஜமானன் வாரைப் பிடித்து இழுத்துச் சரியான பக்கம் காட்டினால், அடுத்த முறையும் நாய் அவன் முகத்தையே பார்க்கும். அவன் அசையாது நிற்க வேண்டும். நாய் சுற்றிச் சுற்றி மோந்து தானே தடத்தைப் பிடிக்கும். அப்பொழுது மெதுவாகப் புகழ்ந்து பின்தொடர வேண்டும். சில மாதங்களுக்குப் பின், தடத்தை வேறொருவர் இட்டு, எஜமானனுக்கு அது தெரியாமலிருப்பது நலம். தன் கண்ணை நம்பி நாயைத் திருத்துபவனுக்கு இதைவிடச் சிறந்த பாடமில்லை. வேகமும் வேண்டாம், ஓடுகிற நாய் வளைவைத் தவறவிடும்.

உண்மையான வேட்டையில், குண்டு பட்ட இடத்திலுள்ள அடையாளங்களை முதலில் ஆராய வேண்டும். நுரையோடு கூடிய இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரற் காயம். அந்த மான் அருகிலேயே வீழ்ந்திருக்கும். பச்சை நிறத் தீனித் துணுக்குகள் கலந்திருந்தால் இரைப்பையில் காயம். பல மணி நேரம் பொறுத்தே தொடங்க வேண்டும். உடனே துரத்தினால் மான் எழுந்து மைல் கணக்காக ஓடும். விட்டுவைத்தால் பக்கத்துப் புதரிலேயே படுத்துவிடும். எலும்புச் சில்லு கிடைத்தால் காலில் அடிபட்டது. மூன்று காலில் மான் நெடுந்தூரம் ஓடவல்லது. இதற்கு அனுபவமுள்ள முதிர்ந்த நாயையே அழைக்க வேண்டும். முதல் வருஷத்தில் இளநாயை, மான் இறந்து கிடப்பது ஏறக்குறைய நிச்சயமான தடங்களிலேயே விட வேண்டும்.

இரவுப் பனி வாசனையைக் காக்கும். வறண்ட வெயிலும் காற்றும் அதைக் கெடுக்கும். ஜெர்மனியில் இரத்தத் தடப் பரீட்சைக்கு வரும் நாய், கால் லிட்டருக்கு மேற்படாத இரத்தத்தைக்கொண்டு 1000 மீட்டர் தூரம் இட்ட தடத்தை, குறைந்தது 20 மணி நேரம் கழிந்தபின், கடினமான பிரிவில் 40 மணி நேரம் கழிந்தபின், முடிவுவரை தொடர்ந்து காட்ட வேண்டும்.