வண்டி வரும்வரை யார்?

ரயில் நிலையப் பிளாட்பாரங்களில் மணல் நிரப்பி வரிசையாக மாட்டியிருக்கும் சிவப்பு வாளிகளைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அவற்றின் அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். தரையில் வைத்தால் நிற்காது. வீட்டு உபயோகத்துக்கு யாரும் தூக்கிப் போய்விடக் கூடாது என்று செய்த ஏற்பாடாம். வாளி களவு போகாமலிருக்க இவ்வளவு யோசித்தாயிற்று. தீப்பிடித்தால் அதைக் கையில் எடுக்கப் போகிறவர் யார்?

தலைநகரில் தீயணைப்பு நிலையங்கள் அறுபதுக்கு மேல் உண்டு. 101-ஐச் சுழற்றினால் வண்டி கிளம்பிவிடும். ஆனால் கிளம்புவது வேறு, வந்து சேருவது வேறு. இடையில் போகும் நிமிஷங்களில்தான் உயிர் போகிறது.

முண்ட்காவில் ஒரு மாலை

2022 மே 13, வெள்ளிக்கிழமை. மேற்குத் தில்லியின் கோடியில், முண்ட்கா மெட்ரோ நிலையத்துக்கு அருகே ஒரு நான்கு மாடிக் கட்டடம். கண்காணிப்புக் காமிரா தயாரிக்கும் நிறுவனம் ஒன்று அதில் இயங்கியது. முகப்பு கண்ணாடி, ஏறி இறங்க ஒரே வழி. மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னதாக முதல் மாடியில் பிடித்த தீ, அந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டது. இருபத்தேழு பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் வேலைக்கு வந்திருந்த பெண்கள்.

அன்று தப்பியவர்களில் பலரை இறக்கியவர்கள் சாதாரண ஜனங்கள். கிராமத்தார் கயிறு கொண்டு வந்தார்கள். அவ்வழியே போய்க்கொண்டிருந்த ஒரு கிரேன் டிரைவர் தம் வண்டியைக் கட்டடத்தோடு ஒட்டி நிறுத்தி, கண்ணாடியை உடைத்து, ஐம்பது பேர் வரை இறக்கியதாகப் பத்திரிகைகள் எழுதின. அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை, பயிற்சியும் தரவில்லை. அந்த வேளையில் அந்தச் சாலையில் அவர் வராமலிருந்தால்?

2019 டிசம்பர் 8 ஞாயிறு விடியற்காலை, ராணி ஜான்சி சாலையை ஒட்டிய அனாஜ் மண்டியில் நடந்ததும் நினைவிருக்கும். பட்டறையிலேயே படுத்துறங்கிய வெளிமாநிலத் தொழிலாளர்கள் நாற்பத்துமூன்று பேர் மடிந்தனர். பெரும்பாலும் புகையில் மூச்சடைத்துத்தான். சந்து குறுகலானதால் வண்டி உள்ளே போக முடியவில்லை. மயங்கிக் கிடந்தவர்களைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவர வேண்டியதாயிற்று. பதினொரு பேரை மீட்ட தீயணைப்பு வீரர் ராஜேஷ் சுக்லா தாமும் காயமடைந்தார். அதே ஆண்டு பிப்ரவரி 12-ல் நம்மவர்களுக்கு மிகவும் பழக்கப்பட்ட கரோல்பாக்கில் ஓர் ஓட்டல் எரிந்து பதினேழு பேர் இறந்தனர்.

அமெரிக்காவில் தோல் வாளி

'அது சர்க்கார் வேலை, நாம் என்ன செய்ய முடியும்?' என்பார்கள். மற்ற தேசங்களில் அப்படி இல்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1736-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் நண்பர்களைச் சேர்த்துத் தொண்டர் தீயணைப்புச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். உறுப்பினர் ஒவ்வொருவரும் தோல் வாளிகளும், சாமான்களை மீட்கப் பைகளும் தயாராக வைத்திருக்க வேண்டும். மாதக் கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம். இன்றும் அந்நாட்டுத் தீயணைப்பு வீரர்களில் பெரும்பான்மையோர் சம்பளமில்லாத் தொண்டர்களே. பகலில் கடைக்காரர், குமாஸ்தா. சங்கு ஊதினால் தீயணைப்பு வீரர். சிறு ஊர்களும் புறநகர்களும் அவர்களை நம்பியே இருக்கின்றன. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் தீயணைப்புப் பணியே தொண்டர் கையில்தான்.

சட்டம் இருக்கிறது

நம் நாட்டிலும் இதற்கு வழி இல்லாமலில்லை. 1968-ம் ஆண்டின் சிவில் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த படையில் வார்டன், முதலுதவி, மீட்பு ஆகியவற்றோடு தீயணைப்பும் ஒரு பிரிவு. போர்க்காலத்தை மனதில் வைத்து எழுதிய சட்டம். 2009-ல் திருத்தம் செய்து இயற்கைச் சீற்றம், விபத்து முதலியவற்றையும் சேர்த்தார்கள். ஆளைத் தோளில் தூக்குவது, மூங்கிலையும் சட்டையையும் கொண்டு ஸ்ட்ரெச்சர் கட்டுவது, கயிற்று முடிச்சு போட்டு மாடியிலிருந்து இறக்குவது எல்லாம் பயிற்சியில் உண்டு. முண்ட்காவில் தேவைப்பட்டதும் இவைதான். ரயில்வேயிலும் இப்படிப்பட்ட சிவில் பாதுகாப்புப் பிரிவு இருப்பது ஊழியர்கள் அறிந்ததே.

தில்லியில் என்ன நடந்தது? ஆயிரக்கணக்கான சிவில் பாதுகாப்புத் தொண்டர்கள் பஸ்களில் மார்ஷல்களாக நிறுத்தப்பட்டார்கள். இவர்கள் பேரிடர்ப் பணிக்கு உரியவர்கள், பஸ்ஸில் நிற்க அல்ல என்ற ஆட்சேபம் எழுந்து, 2023 அக்டோபர் இறுதியோடு ஏறத்தாழ பத்தாயிரம் பேர் நிறுத்தப்பட்டனர். தினப்படியை நம்பிக் குடும்பம் நடத்தியவர்கள் வீதியில் போராட்டம் நடத்தினார்கள். 2024 இறுதியில் காற்று மாசு தடுப்பு வேலைக்கென்று சில மாதங்களுக்கு மீண்டும் அழைத்தார்கள். ஆட்சேபம் சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் பேரிடர்ப் பணிக்கு உரியவர்கள் என்றால், அந்தப் பணியை அல்லவா முதலில் கொடுத்திருக்க வேண்டும்? சந்துக்குச் சந்து நாலு பேராக நிறுத்தியிருந்தால் சட்டமும் நின்றிருக்கும், அவர்கள் அடுப்பும் எரிந்திருக்கும்.

2025 மே 7-ல் நாடெங்கும் போர்க்கால ஒத்திகை நடந்தபோது இந்தப் படையின் பெயர் மீண்டும் அடிபட்டது. சங்கு ஊதியது, விளக்கு அணைந்தது. மறுவாரம் பேச்சும் அணைந்தது.

நம் குடியிருப்புகளில்

ஜங்புராவின் மதராஸி கேம்ப் 2025 ஜூன் 1-ல் இடிக்கப்பட்டபின், வீடு ஒதுக்கப்பட்ட தமிழ்க் குடும்பங்களுக்குக் கிடைத்த இடம் வெகுதூரத்து நரேலா. எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், எந்த மாடிப்படியில் பழைய கட்டில் வழியை மறித்துக் கிடக்கிறது என்பது அண்டை வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். தீயணைப்பு நிலையத்துக்குத் தெரியாது. பஜனைக்கும் பொங்கலுக்கும் கமிட்டி போடும் நம் சங்கங்கள், நாலு இளைஞர்களை இதற்கென்று ஒதுக்கினால் போதும். கூடுதல் செலவு ஒரு நீண்ட கயிறும் சில மணல் வாளிகளும்.

பயிற்சி இல்லாதவர்களும் செய்யக்கூடியவை உண்டு. காஸ் நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு ஜன்னலைத் திறக்க வேண்டும். மின்சார ஸ்விட்சைத் தொடவே கூடாது. வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்துத் தட்டால் மூட வேண்டும். புகை சூழ்ந்தால் எழுந்து ஓடாமல், துணியால் மூக்கை மூடித் தரையோடு தவழ்ந்து வர வேண்டும்.

ஏப்ரல் 14-ஐ நாம் சித்திரைப் புத்தாண்டு என்று கொண்டாடுகிறோம். தேசமெங்கும் தீயணைப்புப் படையினருக்கு அது நினைவு நாள். 1944-ல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் 'போர்ட் ஸ்டிக்கின்' என்ற வெடிமருந்துக் கப்பல் எரிந்து வெடித்தபோது, அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் அறுபத்தாறு பேர் உயிரிழந்தனர். அன்று தொடங்கும் தீயணைப்பு வாரத்தில் நிலையங்கள் சார்பில் செயல்முறை விளக்கம் நடத்திக் காட்டுகிறார்கள். தமிழ்ச் சங்கங்கள் பக்கத்து நிலையத்துக்கு முன்கூட்டியே எழுதி, தங்கள் காலனிக்கும் அழைக்கலாம்.