வரவு செலவை ஆராயும் வேலை

தாராவியில் இட்லி விற்கும் அக்காமார்களைப் பாருங்கள். அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு என்று முதலிலேயே கணக்குப் போடுவார்கள். மாதக் கடைசியில், "உளுந்துச் செலவு ஏன் கூடியது?" என்று யோசிப்பார்கள். இதையே பெரிய அளவில் செய்வதற்குச் சம்பளம் தரும் வேலை உண்டு. அதைச் செய்பவர் பட்ஜெட் ஆய்வாளர்.

பட்ஜெட் என்றால் வரவு செலவுத் திட்டம். நம் மும்பை மாநகராட்சியும் ஆண்டுதோறும் பட்ஜெட் போடுகிறது. ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரை ஓர் ஆண்டு. வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம் போன்றவை வரவு. சாலை, சாக்கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் போன்றவை செலவு. 2025-26ஆம் ஆண்டுக்குப் போட்ட பட்ஜெட் சுமார் 74,427 கோடி ரூபாய்!

ஆய்வாளர் என்ன செய்வார்? மூன்று தொகைகளை ஒப்பிட்டுப் பார்ப்பார். போன ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு? அதில் செலவானது எவ்வளவு? இந்த ஆண்டு கேட்பது எவ்வளவு?

ஒரு தெருவில் பொதுக் கழிப்பறை கட்ட 20 லட்சம் ஒதுக்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31 வரை 5 லட்சம்தான் செலவானது. மீதி 15 லட்சம் மிச்சம்தானே என்று நினைக்கலாமா? கூடாது. கழிப்பறை கட்டி முடியவில்லை. பெண்கள் விடியுமுன்னே எழுந்து வரிசையில் நிற்கிறார்கள். டெண்டர் தாமதமா? இடத் தகராறா? காரணத்தைக் கண்டு எழுதுவதுதான் ஆய்வாளரின் வேலை.

இதற்கு என்ன படிக்க வேண்டும்? பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல், பிறகு பி.காம். அல்லது பொருளாதாரம் படிப்பது நல்லது. சி.ஏ. முடித்தால் இன்னும் உயரலாம். அரசு அலுவலகங்களில் கணக்கு, நிதி, தணிக்கைப் பிரிவுகளில் இந்த வேலை நடக்கிறது. கம்பெனிகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் உண்டு. மும்பை மாநகராட்சியில் சேர மராத்தி எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். இப்போது கூட்டல் கழித்தலைக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. ஆகவே, கூட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. 'ஏன்?' என்று கேட்கத் தெரிய வேண்டும்.

வேலையில் இல்லாதவரும் கேட்கலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. மனுக் கட்டணம் 10 ரூபாய். தாராவிக்கு ஜி வடக்கு, மாட்டுங்காவுக்கு எஃப் வடக்கு, செம்பூருக்கு எம் மேற்கு வார்டு அலுவலகம்.

யோசித்துப் பாருங்கள்:
1. உங்கள் தெருவுக்கு மாநகராட்சி எதற்கெல்லாம் செலவு செய்கிறது?
2. ஒதுக்கிய பணம் செலவாகாவிட்டால் யாருக்கு நஷ்டம்?