வீட்டுக்கு ஒரு நுரைப் போர்வை

குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் கடையொன்றில், கழற்றிப் போட்டிருந்த பழைய கதவு ஒன்றைக் கண்டேன். வெளித்தகடு கிழிந்து, உள்ளே மஞ்சள் நிற நுரை இறுகிக் கிடந்தது. விரலால் அழுத்தினேன், பொடிந்தது. இத்தனை இலேசான பொருளா குளிரைக் காக்கிறது என்று வியந்தேன். இதே இனத்து நுரையைத்தான் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற குளிர்மிகுந்த நாடுகளில் வீட்டுச் சுவர்களுக்குள்ளும் கூரைக்கு அடியிலும் பீய்ச்சுகிறார்கள்.

இதன் பெயர் பாலியூரித்தேன். 1937-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஆட்டோ பேயரும் அவர்தம் குழுவினரும் இதற்கு வித்திட்டனர். ஐசோசயனேட், பாலியால் என்னும் இரு திரவங்கள் தனித்தனிக் குழாய்களில் வந்து, துப்பாக்கி போன்ற கருவியின் முனையில் கலக்கின்றன. உடனே வேதிவினை நிகழ்ந்து வெப்பம் பிறக்கிறது. வாயுக் குமிழிகள் தோன்றுகின்றன. கலவை பல மடங்காகப் பொங்கி இறுகிவிடுகிறது. நம் வீட்டு இட்லி மாவு பொங்க ஓர் இரவு வேண்டும். இதற்கோ சில நொடிகளே போதும்!

வெப்பத்தைத் தடுப்பது எது? நுரையின் சிற்றறைகளில் சிறைப்பட்ட வாயுவே. அசையாத வாயு ஓர் அரிதிற்கடத்தி என்பதை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம் அன்றோ! கம்பளி நம்மைக் காப்பதும் இவ்வாறே. மூடிய அறைகளைக் கொண்ட நுரை, செங்கல்லைப் போல ஏறத்தாழ 20-இல் ஒரு பங்கு வெப்பத்தையே கடத்துகிறது. மேலும், அது விரிசல்களிலும் இடுக்குகளிலும் புகுந்து அடைத்துக்கொள்வதால், கணப்பினால் சூடான காற்று வெளியே கசிவதில்லை. எரிபொருள் செலவு குறைகிறது.

ஆயினும் எச்சரிக்கை தேவை. ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடும். எனவே பீய்ச்சுகின்ற தொழிலாளி, தூய காற்று தரும் முகமூடி அணிந்தாக வேண்டும். வீட்டாரும் அவ்வேளையில் வெளியேறியிருக்க வேண்டும். தீப்பற்றினால் இந்நுரை நச்சுப்புகை கக்கும். ஆகவே அதன்மேல் ஜிப்சம் பலகை போன்ற தீத்தடுப்பு மூடி அவசியம். கூரை மரங்களைச் சுற்றி முறையின்றி அடைத்தால் ஈரம் தங்கி மரம் உளுத்துப்போகும். பிரிட்டனில் இந்த அச்சத்தால், நுரை பீய்ச்சிய வீடுகளின்மேல் கடன் தரத் தயங்கும் நிறுவனங்களும் உண்டு.

குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் நாம் மூக்கையும் சேர்த்து மூடுவதில்லை. வீட்டுக்குப் போர்வை போர்த்துவோரும் அதற்கு மூச்சுவிட வழிவைத்தே போர்த்த வேண்டும் என்பது என் கருத்து.